பெயர் எழுதி ஒட்டிய போத்தல்

போன மாதம் தாரணி தொலைபேசி எடுத்தாள். நான் வேலை பார்த்த வார்டில் இப்போது அவள்தான் பொறுப்புத் தாதி.

"அக்கா, எங்கட வார்டுக்குச் சீன மூலிகை வைத்தியம் வருது. போதை விடுற ஆக்களுக்கு வாற பயம், படபடப்பு, அந்தப் பதகளிப்புக்கு மூலிகை அவிச்ச குடிநீர் குடுக்கப் போகினமாம். அதுக்கு ஒரு பயிற்சி நாள் வைக்கினம். நீங்கள் உதில அடிபட்ட ஆள். நல்லதோ கூடாதோ எண்டு ஒரு வசனம் எழுதித் தாங்கோ, வாசிச்சுக் காட்டுறன்."

ஒரு வசனம்! எனக்கு வந்த கோபத்தில் தொலைபேசியை வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளை என்ன செய்யும் பாவம் என்று அரை மணித்தியாலம் கழித்து நானே எடுத்து, எழுதித் தருகிறேன், ஆனால் ஒரு வசனத்தில் அல்ல என்றேன். நான் ஒரு வசனத்தில் சொல்லி முடித்த ஒரு காரியத்தால் ஒரு மனிதன் செத்துப் பிழைத்தான். அதனால் நீளமாகத்தான் எழுதுவேன்.

நான் படித்த கதையைச் சுருக்கிவிடலாம். ஜேர்மனிக்கு அகதியாக வந்து, வுப்பர்டாலில் ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு வருடம் நிலம் துடைத்தேன். அங்கிருந்த மேலாளர் ஒரு நாள் என் வாளியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பப் படிவத்தைக் கையில் தந்தார். மூன்று வருடம் படித்தேன், இரண்டாவது தடவையில் சோதனை பாஸ் பண்ணினேன். பிறகு மலைச்சரிவில் இருந்த ஒரு ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி. பெயர் வேண்டாம். குடியையும் போதைத் தூளையும் குளிசையையும் விட வருகிறவர்களின் வார்டு அது. எங்கட சனம் "எங்க வேலை?" என்று கேட்டால் "மூன்றாம் மாடி" என்பேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வெட்கம். ஓய்வு பெறும் வரைக்கும் அந்த மாடியை விட்டு நான் இறங்கவில்லை, வெட்கமும் என்னை விட்டு இறங்கவில்லை.

அந்த வார்டில் நம்பிக்கைக்கு இடமில்லை. புதிதாக வருகிறவரின் பையை இரண்டு பேர் சேர்ந்து வெள்ளைத் துணியில் கொட்டுவோம். பற்பசையை அழுத்திப் பார்ப்போம். சப்பாத்தின் உள்தோலைக் கிளப்புவோம். சீல் உடைக்காத பழச்சாற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். நித்திரைக் குளிசைக்கு, அதாவது தூக்க மாத்திரைக்கு, அடிமையானவர்களுக்கு அதே இன மருந்தைத் துளியாகக் கொடுத்து, சில நாட்களுக்கு ஒரு தடவை குறைத்துக்கொண்டு வருவதுதான் முறை. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும். துளிகளைச் சத்தமாக எண்ணிச் சிறிய கோப்பையில் விடுவோம். அவர் எங்கள் முன்னால் குடிக்க வேண்டும், மேலே ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும், பிறகு எங்களோடு ஏதாவது பேச வேண்டும். வாய்க்குள் ஒன்றும் ஒளித்திருக்கவில்லை என்று அப்போதுதான் தெரியும். நடுக்கம் பார்க்க இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்களுக்கு மேலே ஒரு வெள்ளைத் தாளை வைப்போம். கண்ணுக்குத் தெரியாத நடுக்கத்தைத் தாளின் ஓரம் காட்டிக் கொடுத்துவிடும்.

எங்கள் மூத்த வைத்தியரை எல்லோரும் ஷெஃப் என்போம். ஜேர்மன் மொழியில் ஷெஃப் என்றால் சமையல்காரர் இல்லை, தலைவர். எட்டேகாலுக்கு வார்டுக்குள் வருவார் என்றால் எட்டேகாலுக்கு வருவார். கட்டிலின் கால்மாட்டில் நிற்பார், உட்கார மாட்டார். முதலில் தாளைப் பார்ப்பார், பிறகுதான் ஆளைப் பார்ப்பார். ஒரு முடிவு எடுக்கும்போது கையில் இருக்கிற பேனையை இரண்டு தரம் அழுத்துவார், டிக் டிக். "மனிதர்கள் பொய் சொல்வார்கள், தாள் சொல்லாது" என்பது அவருடைய வேதம். கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை அடுத்தடுத்து வலிப்பு வந்த ஒரு பொடியனுக்குப் பக்கத்தில், சாப்பாடு தண்ணி இல்லாமல் பகல் முழுக்க நின்றவர். அவரிடம்தான் நான் கணக்காகத் துளி குறைக்கக் கற்றேன். அதனால்தான் பிற்பாடு எனக்கு இவ்வளவு எரிந்தது.

சிவனேசன் நகரத்து பஸ் சாரதி. வயது ஐம்பதுக்குக் கிட்ட. விடிய முதல் பஸ்ஸை எடுக்கிற ஆள், ஆனால் படுத்தால் ஊர்ச் சண்டையில் விழுந்த ஷெல் சத்தம் கேட்கும், நித்திரை வராது. குடும்ப வைத்தியர் நித்திரைக் குளிசை எழுதினார். பிறகு அவரைப் பார்க்கவே தேவையில்லாமல் போனது. முன்மேசைப் பெண்ணே சீட்டை நீட்டினாள், வருடக்கணக்காக நீட்டினாள். ஒரு நாள் சிவனேசன் ஒரு தரிப்பிடத்தில் நிற்காமல் போய்விட்டார். அங்கே ஒரு தாய் தள்ளுவண்டியோடு கை காட்டிக்கொண்டு நின்றதை அவர் கண்ணாடியில்தான் கண்டார். அன்றைக்கே கொம்பனி வைத்தியரிடம் தானாகப் போய்ச் சொல்லிவிட்டார்.

"ஒருத்தரும் என்னைப் பிடிக்கேல்லை அக்கா, நானாத்தான் சொன்னனான்" என்றார் என்னிடம். "பின்னால அறுபது சனம் இருக்குது. உந்தக் குளிசையோட என்னால ஓட ஏலாது."

கொம்பனி வைத்தியரும் நியாயமாகத்தான் சொன்னார்: ஆஸ்பத்திரியில் நின்று முழுதாக விடு, விட்டாய் என்று அவர்கள் தரும் கடிதத்தைக் கொண்டு வா, உன் பஸ் உனக்கு. அந்தக் கடிதத்துக்காகத்தான் அந்த மனிதன் எங்கள் மாடிக்கு ஏறினார்.

அனுமதிக்கிற அன்று அவருக்குப் பதகளிப்பு. வாயே திறக்க முடியவில்லை. மனைவி வசந்தி பள்ளிக்கூடம் துப்புரவு செய்கிறவர், ஜேர்மன் மொழி மட்டுமட்டு. ஷெஃப் என்னைப் பார்த்து மொழிபெயர்க்கச் சொன்னார். எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசியில் "வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார். வசந்தி கேட்டார். அவர் சொன்னதை இன்றைக்கும் என்னால் ஒரு சொல் விடாமல் சொல்ல முடியும்.

"அக்கா, ஒரு சீன மூலிகைத் தூள் இருக்குது. பதகளிப்புக்கு எண்டு தெரிஞ்ச கடைக்காரர் தந்தவர். நாலு கிழமையாக் குடுக்கிறன். காலையில ஒரு கரண்டி, பின்னேரம் ஒரு கரண்டி, அவிச்சுக் குடுத்தால் அரை மணித்தியாலத்தில கை நடுக்கம் நிக்குது. எனக்கே ஆச்சரியம். இஞ்சயும் குடுக்கலாமோ, இல்லாட்டி இவையின்ர மருந்தோட அடிபடுமோ எண்டு கேளுங்கோ. தூளைக் கொண்டுவந்து காட்டச் சொன்னாலும் காட்டுறன்."

பாருங்கள், ஒரு வைத்தியர் கேட்க வேண்டிய அத்தனை கேள்விக்கும் அந்தப் பெண் தானாகப் பதில் சொல்லியிருக்கிறார். என்ன, எவ்வளவு, எத்தனை தரம், எவ்வளவு நேரத்தில், என்ன செய்தது. கொண்டுவந்து காட்டவும் தயார். அரை மணித்தியாலத்தில் நடுக்கம் நிற்கிறது என்ற ஒரு விஷயம் போதும், ஷெஃப் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்திருப்பார்.

நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "கணவருக்கு மூலிகைத் தேநீர் கொண்டு வரலாமா என்று கேட்கிறார்."

ஏன்? வெட்கம். எங்கட சனம் தூளும் தாயத்துமாகத் திரிகிறது என்று ஷெஃப் நினைத்துவிடுவார் என்ற வெட்கம். பல வருடம் பாடுபட்டு அந்த வார்டில் நான் சம்பாதித்த மரியாதை ஒரு கரண்டி சீனத் தூளில் கரைந்துவிடும் என்ற பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் மறைத்தேன்.

ஷெஃப் சிரித்தார். "தேநீரா? தாராளமாகக் குடிக்கட்டும். எனக்குக் கோப்பி குடிக்கிறவர்கள்தான் பிரச்சினை." ஒரு கேள்வி இல்லை, ஒரு வரி எழுதவில்லை. எந்த மூலிகை என்று கேட்க எத்தனை செக்கன் பிடிக்கும்? கேட்கவில்லை.

"ஓமாம், குடுக்கலாமாம்" என்றேன் வசந்தியிடம்.

"எல்லாம் சொன்னனீங்களோ அக்கா?"

"ஓமோம்."

மறுநாளிலிருந்து வசந்தி வீட்டில் அவித்து, ஒரு போத்தலில் ஊற்றி, வேலை முடிந்து வரும்போது கொண்டு வருவார். நானே அதில் சிவனேசனின் பெயரை எழுதி ஒட்டி, வார்டு குளிர்சாதனப் பெட்டியில் வைப்பேன். ஜேர்மன்காரரின் ஆரஞ்சுச் சாற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற நான், இந்தப் போத்தலின் மூடியை ஒரு தரம் திறந்து மணந்துகூடப் பார்க்கவில்லை. கொத்தமல்லித் தண்ணி மாதிரி ஏதோ ஒன்று, எங்கட பெண் கொண்டு வருகிறது, அதற்குப் போய்ச் சோதனையா என்றிருந்தேன்.

சிவனேசன் வார்டின் அதிசயமாகிவிட்டார். துளி குறையக் குறைய மற்றவர்கள் சுவரைப் பிறாண்டுவார்கள். இவர் சீட்டு விளையாடினார். விரலில் வைத்த தாள் அசையவில்லை. ஷெஃப் மாணவர்களைக் கூட்டி வந்து, "படிப்படியாகக் குறைத்தால் இப்படித்தான் இருக்கும்" என்று தன் அட்டவணையைக் காட்டினார். நானும் பின்னால் பெருமையோடு நின்றேன், எங்கட ஆள் என்று.

துளிகள் முடிகிற கிழமையில் சிறுநீர்ப் பரிசோதனைத் தாள் வந்தது. நாங்கள் கொடுக்காத ஒரு மருந்து அதில் இருந்தது. அதே இனம், ஆனால் எங்கள் வார்டில் யாருக்கும் எழுதாத வகை.

ஷெஃப் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். "எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?"

"நான் ஒண்டும் எடுக்கேல்லை அக்கா. இவையின்ர துளியும் மனிசி கொண்டு வாற தண்ணியும்தான். கோயிலில எண்டாலும் சத்தியம் பண்ணுறன்."

இதை நான் முழுதாக மொழிபெயர்த்தேன். ஷெஃப் சொன்னார்: "தேநீரில் குளிசை முளைக்காது."

மெத்தையைப் புரட்டினார்கள், அலுமாரியைக் கொட்டினார்கள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததைக் கெட்டித்தனமாக ஒளித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டார்கள். பேனை டிக் டிக் என்றது. வார்டு விதியின்படி அன்றைக்கே வெளியேற்றம். கடிதத்தில் "நோயாளி வெளியிலிருந்து மருந்து கடத்தி வந்து தொடர்ந்து பாவித்தார்" என்று எழுதப்பட்டது.

"அக்கா, நீங்களாவது ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்" என்றார் சிவனேசன்.

நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அவர் பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அத்தனை வருடம் பொய் கேட்டுக் கேட்டு என் காது அப்படிப் பழகியிருந்தது. அவர் போன பிறகு குளிர்சாதனப் பெட்டியைத் துப்புரவாக்கினேன். பெயர் ஒட்டிய போத்தலில் பாதி மிச்சம் இருந்தது. அதை நானே என் கையால் தொட்டிக்குள் ஊற்றி, தண்ணீரைத் திறந்துவிட்டேன். அந்த வார்டில் அவருக்கு இருந்த ஒரே சாட்சியை!

அவமானத்தில் சிவனேசன் வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். குளிசை, துளி, தூள், ஒன்றும் வேண்டாம் என்றார். மூன்றாம் நாள் சமையலறையில் வலிப்பு வந்து விழுந்தார். அடுப்பின் விளிம்பில் அடிபட்டு முன்பல் இரண்டு உடைந்தது. அம்புலன்ஸ் வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. அங்கே அவசரப் பிரிவில் நின்ற இளம் வைத்தியர் வசந்தியிடம், சைகையும் மொழியுமாக, இவர் வாய்க்குள் வேறென்ன போனது, தேநீர் என்றாலும் பரவாயில்லை, வீட்டில் இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு வாருங்கள் என்றாராம். வசந்தி ஓடிப்போய்த் தூள் இருந்த தகரப் பேணியை எடுத்து வந்தார். ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். தூளில் ஏதோ வேரும் விதையும் இருந்தன. கூடவே எங்கள் தாளில் வந்த அதே மருந்தும் இருந்தது. நாங்கள் ஒரு கையால் துளித் துளியாகக் குறைக்க, பேணி மறு கையால் கரண்டி கரண்டியாக அவருக்குத் திருப்பி ஊட்டியிருக்கிறது.

அந்த மனிதன் எங்கள் வார்டில் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

ஆய்வுகூடத் தாளின் பிரதியை வசந்தி என்னிடம் கொண்டு வந்தார். நான் அதை ஷெஃபின் மேசையில் வைத்து, "தாள் பொய் சொல்லாது என்பீர்களே" என்றேன். வாசித்தார். "சுவாரசியம்" என்றார். ஒரு மனிதனின் பல் உடைந்திருக்கிறது, பிழைப்புப் போயிருக்கிறது, அவருக்குச் சுவாரசியம்! கடிதத்தைத் திருத்துங்கள் என்றேன்.

"கடிதம் அன்றைய தகவலின்படி சரியானது. தூளில் அவரே கலந்திருக்கலாம்." பேனையை எடுத்தார், ஆனால் அழுத்தவில்லை. முதல் தடவையாகத் தாளை விட்டு என்னைப் பார்த்தார். "மேலும், எனக்குச் சொல்லப்பட்டது தேநீர் என்றுதானே?"

தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பல மாதம் அதை யாருக்கும் சொல்லாமல் இருந்தேன். அந்த மாதங்களுக்காகத்தான் எனக்கு என் மேல் ஆகக் கூடிய கோபம்.

தூள் விற்ற கடைக்காரர் எங்கட ஆள்தான். போய்க் கேட்டேன். "அக்கா, அது வெறும் மூலிகை. இங்கிலீசு மருந்து மாதிரிப் பக்க விளைவு ஒண்டும் இல்லை. நானும் குடிக்கிறனான்" என்றார். எங்கிருந்து வருகிறது என்றேன். "ஒரு ஆள் கொண்டு வாறவர்." பேணியில் அழகான சீன எழுத்து, ஒரு மலைப் படம். விலாசம் இல்லை, உள்ளடக்கம் இல்லை. அடுத்த கிழமை போனபோது அந்தத் தட்டில் அப்பளம் அடுக்கியிருந்தார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் சனத்துக்கு விற்பது எவ்வளவு சுகம்!

தாரணிக்கு என் பதில் இங்கே வருகிறது. எங்கள் ஆஸ்பத்திரி மருந்தாளர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். முறையாகப் படித்த சீன வைத்தியர் எழுதி, மருந்தகம் வழியாக வருகிற மூலிகைக்குச் சோதனைச் சீட்டு இருக்கும், ஒவ்வொரு வேருக்கும் பெயர் இருக்கும். அதிலும் சிலது நித்திரையைக் கூட்டும், சிலது மற்ற மருந்தோடு மோதும். அதனால் அதுவும் மருந்துதான், துளி எண்ணுவது போல எண்ணிக் கொடுக்க வேண்டியது. பதகளிப்பு எவ்வளவு தணியும், யாருக்குத் தணியும் என்பது எனக்குத் தெரியாது. தெரியும் என்று அடித்துச் சொல்பவரிடம் தாள் கேளுங்கள். ஆனால் "வெறும் தேநீர்" என்று சிரித்தவரும், "வெறும் மூலிகை" என்று விற்றவரும் என் கண்ணுக்கு ஒரே ஆள்தான். இரண்டு பேரும் பேணியைத் திறந்து பார்க்கவில்லை. மூன்றாவது ஆள் நான்.

சிவனேசனுக்குப் பஸ் கிடைக்கவில்லை. கொம்பனி வைத்தியர் கையில் இருந்தது எங்கள் கடிதம். சாரதியாக இருந்தவரைத் தரிப்புக் கொட்டகையில் பஸ் கழுவ விட்டார்கள். போதை ஆலோசனை நிலையத்தில் ஒரு பெண் நல்ல மனதோடுதான் வழி சொன்னாள்: கடத்தினேன், பிழைதான், இனி செய்ய மாட்டேன் என்று ஒத்துக்கொள்ளுங்கள், குற்றத்தை உணர்ந்தவர் என்று பஸ்ஸைச் சீக்கிரம் திருப்பித் தருவார்கள். சிவனேசன் மாட்டேன் என்றுவிட்டார்.

"செய்யாததைச் செய்தனான் எண்டு சொல்லி வாற பஸ் எனக்கு வேண்டாம். கழுவுறன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்தப் பழியில் பாதி வசந்தியின் தலையில் விழுந்தது. தூள் கொடுத்து மனிசனைக் கவிழ்த்தவள் என்று சொந்தக்காரர் கதைத்தார்கள். "நான் டொக்டரிட்ட எல்லாம் சொன்னனான்" என்று அவர் சொல்ல, ஒருவரும் கேட்கவில்லை.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். வலிப்புக்காக நரம்பு வைத்தியர் வைத்த காத்திருப்பும், ஒரு வருடத்துக்கு மேலான சிறுநீர்ப் பரிசோதனைகளும் முடிந்து, இன்று சிவனேசன் மறுபடியும் விடிய முதல் பஸ்ஸை எடுக்கிறார். அதற்கு ஆய்வுகூடத் தாளோடு உதவியது நான் கையெழுத்திட்ட ஒரு பக்கம். அன்று வசந்தி சொன்னது முழுவதும், அதில் நான் விழுங்கியது முழுவதும் அதில் இருந்தது. ஆஸ்பத்திரி எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தது. தந்தது நியாயம். ஷெஃபுக்கு யாரும் ஒன்றும் தரவில்லை. அவருடைய கடிதம் இன்றைக்கும் கோப்பில் ஒரு எழுத்து மாறாமல் இருக்கிறது.

அந்தப் பக்கத்தை நான் எழுதியது நல்ல மனதால் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள், கொம்பனிக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி. நான் பேனையோடு இருந்தேன். வசந்தி மேசை விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டு, "அக்கா, அண்டைக்கு நான் தூளைப் பற்றி விபரமாச் சொன்னனான் எண்டதையும் அதில எழுதுங்கோ" என்றார்.

சிவனேசன் சலித்துக்கொண்டார். "விடு வசந்தி. எத்தினை தரம் உதையே சொல்லுவாய்? எனக்கு அண்டைக்கு ஒண்டும் காதில ஏறேல்லை. நீ தேத்தண்ணி எண்டுதான் கேட்டிருப்பாய். விபரமாச் சொல்லியிருந்தால் அந்தாள் சிரிச்சிருப்பாரே?"

வசந்தி விரிப்பில் இன்னொரு நூலை இழுத்தார். இது அந்த வீட்டில் பல தடவை நடந்த கதை என்று எனக்கு விளங்கியது. கட்டின புருஷனே ஒரு வருடமாக நம்பவில்லை.

"சிவா" என்றேன். பேனையை மேசையில் வைத்தேன். "வசந்தி எல்லாம் சொன்னவ. என்ன தூள், எத்தினை கரண்டி, நடுக்கம் எப்ப நிக்குது, எல்லாம். கொண்டுவந்து காட்டுறன் எண்டும் சொன்னவ. நான்தான் டொக்டருக்குத் தேத்தண்ணி எண்டு சொன்னனான். எனக்கு வெட்கமா இருந்தது."

என்னைத் திட்டுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வசந்தி என் பக்கம் திரும்பவே இல்லை. புருஷனைப் பார்த்தார்.

"கேட்டீங்களோ?" என்றார். "நான் சொன்னனான்."